கேபட் தடம்: ஒரு கடலோரச் சாலையின் வரலாறு

கேபட் தடம் என்பது கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோசியா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவின் வடபகுதியைச் சுற்றிவரும் நெடுஞ்சாலை ஆகும். ஆங்கிலத்தில் இது கேபட் டிரெயில் என வழங்கப்படுகிறது. இதன் நீளம் 298 கி.மீ. இச்சாலையின் முழுச்சுற்று 1932-ஆம் ஆண்டு நிறைவடைந்தது. முழுத் தடமும் தார்ச்சாலையாக மாற மேலும் 29 ஆண்டுகள் ஆயின. ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் கடல், இடையே கொண்டை ஊசி வளைவுகள் என அமைந்த இத்தடம் உலகின் அழகிய கடலோரச் சாலைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

இச்சாலை முதலில் அத்தீவின் மீனவர்களும் உழவர்களும் வெளியூர் சென்றுவரத் தேவைப்பட்ட ஒன்று. திறக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள் அது வெளியூரார் வந்து காணும் காட்சிச் சாலையாக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்திற்காகச் சில குடும்பங்கள் தம் வீட்டையும் நிலத்தையும் இழந்தன. இன்று பயணிகள் ஆளரவமற்ற இயற்கை என்று வியக்கும் சில இடங்கள் ஒரு காலத்தில் ஊர்களாக இருந்தவை.

நில அமைப்பு

கேப் பிரெட்டன் தீவின் வடபகுதி அப்பலாச்சியன் மலைத்தொடரைச் சேர்ந்த பழமையான மேட்டுநிலம். உச்சியில் சமவெளி போலப் பரந்திருக்கும் இந்த மேடு, கரையை நெருங்கியதும் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. நோவா ஸ்கோசியா மாகாணத்தின் மிக உயரமான இடமும் இங்குதான் உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 530 மீட்டர். நம் நாட்டு மலைகளோடு ஒப்பிட்டால் இது உயரமன்று. ஆனால் கடல் மட்டத்திலிருந்தே மலை நேராக எழுவதால் காண்போருக்கு அது பேருருவாகத் தெரிகிறது.

மேற்குக் கரை செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவையும் கிழக்குக் கரை அட்லாண்டிக் பெருங்கடலையும் நோக்கியுள்ளன. மேற்குக் கரையிலுள்ள செட்டிகாம்ப் பகுதியில் மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கித் தென்கிழக்குக் காற்று புயல் வேகத்தில் வீசுவதுண்டு. மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டக்கூடிய இக்காற்றை உள்ளூர் அக்காடிய மக்கள் 'சுவெட்' என்கின்றனர். தென்கிழக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் மரூஉ இது. கிழக்குக் கரையில் கேப் ஸ்மோக்கி என்னும் மலைமுனையின் உச்சியில் அடிக்கடி வெண்மேகம் தங்கும். புகைபோலத் தோன்றும் அம்மேகமே அதன் பெயருக்குக் காரணம்.

படெக், மார்கரி பள்ளத்தாக்கு, செட்டிகாம்ப், பிளெசன்ட் பே, கேப் நார்த், இங்கோனிஷ், செயின்ட் ஆன்ஸ் ஆகியவை தடத்தின் முக்கிய ஊர்கள். தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் கோடைக்கால இல்லத்தைப் படெக்கில் அமைத்திருந்தார். 1909 பிப்ரவரி 23 அன்று அங்குள்ள உறைந்த நீர்ப்பரப்பிலிருந்து சில்வர் டார்ட் என்னும் விமானம் பறந்தது. கனடாவில் விமானப் பறப்பின் வரலாறு அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

பெயரும் ஐயமும்

இத்தடம் ஜான் கேபட் என்னும் மாலுமியின் பெயரைத் தாங்கியுள்ளது. இத்தாலியரான இவரது இயற்பெயர் ஜியோவன்னி கபோட்டோ. இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் இசைவுடன், 1497-இல் பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து மேத்யூ என்னும் சிறு கப்பலில் புறப்பட்டு வட அமெரிக்கக் கரையை அடைந்தார். எந்த இடத்தில் கரையிறங்கினார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கேப் பிரெட்டனின் வடமுனைக்கருகில் அவர் இறங்கினார் என்று நோவா ஸ்கோசியா மக்கள் நெடுங்காலம் கூறிவந்தனர். அங்குள்ள கடற்கரைப் பூங்கா ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. வரலாற்றாய்வாளர் பலர் நியூஃபவுண்ட்லாந்துத் தீவையே அவர் இறங்கிய இடமாகக் கருதுகின்றனர். அப்பயணத்தின் 500-ஆம் ஆண்டு விழா 1997-இல் நடந்தபோது, மேத்யூ கப்பலின் மாதிரி நியூஃபவுண்ட்லாந்தின் பொனவிஸ்டாவில்தான் வரவேற்கப்பட்டது.

ஆக, இத்தடத்திற்குப் பெயர் தந்தவர் இத்தீவில் காலடி வைத்தாரா என்பதே ஐயத்திற்குரியது. இத்தீவில் வாழ்ந்தவர்களின் பெயர்கள் தடத்தின் பெயரில் இடம்பெறவில்லை.

சாலைக்கு முன் வாழ்ந்தோர்

இத்தீவின் முதற்குடிகள் மிக்மாக் மக்கள். அவர்கள் தம் நாட்டை ஏழு மாவட்டங்களாகப் பகுத்திருந்தனர். அவற்றுள் ஒன்றான உனமாகி இத்தீவை உள்ளடக்கியது. மீன்பிடித்தலும் வேட்டையும் அவர்களது வாழ்வாதாரம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷாருடன் அவர்கள் செய்துகொண்ட நட்பு உடன்படிக்கைகளை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கனடாவின் உச்ச நீதிமன்றம் செல்லத்தக்கவை என ஏற்றது. படெக்கிற்கு அருகிலுள்ள வாக்மட்குக் உட்பட ஐந்து மிக்மாக் குடியிருப்புகள் இன்று தீவில் உள்ளன.

அடுத்து வந்தவர்கள் அக்காடியர். பிரெஞ்சு மொழி பேசும் இவர்கள் பதினேழாம் நூற்றாண்டு முதல் நோவா ஸ்கோசியாவின் பெருநிலப் பகுதியில் உழவராக வாழ்ந்தவர்கள். 1755-இல் பிரிட்டிஷ் ஆட்சியாளர் இவர்களைக் கப்பல்களில் ஏற்றி நாடுகடத்தத் தொடங்கினர். அடுத்த எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேர் சொந்த மண்ணிலிருந்து அகற்றப்பட்டனர். குடும்பங்கள் சிதறின, கடற்பயணத்திலும் நோயிலும் பலர் இறந்தனர். பின்னர்த் திரும்பிவந்தோர்க்குப் பழைய வயல்கள் கிடைக்கவில்லை. அவற்றில் வேறு குடியேறிகள் அமர்த்தப்பட்டிருந்தனர். அவ்வாறு அலைந்த குடும்பங்களுள் சில 1780-களில் செட்டிகாம்ப் கரையில் குடியேறின. 1790-இல் 14 குடும்பத் தலைவர்கள் அங்கு நிலஉரிமை பெற்றனர். 'பதினான்கு பெரியவர்கள்' என அவ்வூர் மக்கள் இன்றும் அவர்களைக் குறிப்பிடுகின்றனர்.

மூன்றாவதாக வந்தவர்கள் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தார். கேலிக் மொழி பேசிய இவர்கள் அங்குப் பெருநிலக்கிழார்களின் குத்தகைக் குடிகளாக இருந்தவர்கள். ஆடு வளர்ப்பில் வருவாய் மிகுதி என்று கண்ட நிலக்கிழார்கள், தம் குடிகளை நிலத்திலிருந்து வெளியேற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இத்தீவுக்கு வந்தனர். அவர்களது எண்ணிக்கை பெருகியதால் கேலிக் தீவின் பெருவழக்கு மொழியாயிற்று.

இவ்விரு குடியேற்றங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் பிறந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டோரின் குடியேற்றங்கள். பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் கொள்வது தேவை.

சாலை அமைத்தல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வடபகுதி ஊர்களுக்குக் கடலே பெருவழியாக இருந்தது. மளிகை, அஞ்சல், மருந்து அனைத்தும் கடலோர நீராவிக் கப்பல்களில் வந்தன. பனிக்காலத்தில் பனிப்பாளங்கள் கரையை அடைத்துவிட்டால் கப்பல் வராது. மலையைக் கடக்க ஒற்றையடிப் பாதைகளும் வண்டித்தடங்களுமே இருந்தன. நோயாளி ஒருவரை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே பெரும்பாடு. எனவே சாலை வேண்டும் என்பது அம்மக்களின் உண்மையான கோரிக்கை.

1920-களில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது மாகாண அரசு மலைச்சாலைப் பணியை மேற்கொண்டது. செட்டிகாம்புக்கும் பிளெசன்ட் பேக்கும் இடைப்பட்ட பகுதி மிகவும் கடினமானது. அங்கு ஃபிரெஞ்ச் மலை, மெக்கன்சி மலை ஆகியவற்றின் சரிவுகளில் பாறையை உடைத்து வழி செய்ய வேண்டியிருந்தது. பிளெசன்ட் பேக்குக் கிழக்கே நார்த் மலையும் இருந்தது. துண்டு துண்டாக அமைந்த சாலைகள் 1932-இல் ஒன்றாக இணைந்து முழுச்சுற்றாயின.

தொடக்கத்தில் இது குறுகிய சரளைச் சாலை. சில இடங்களில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். நோவா ஸ்கோசியாவில் 1923 ஏப்ரல் 15 வரை வண்டிகள் நம் நாட்டைப் போலச் சாலையின் இடப்புறமே சென்றன; அன்று முதல் வலப்புறத்திற்கு மாறின. இதனால் கேபட் தடத்தை வலஞ்சுழியாக, கோயிலை வலம் வருவதுபோலச் சுற்றும் ஓட்டுநருக்கு மலை வலப்பக்கம் அமையும்; வண்டி மலையை ஒட்டிச் செல்லும். இடஞ்சுழியாகச் சுற்றினால் வண்டி கடற்புற விளிம்பை ஒட்டிச் செல்லும். பள்ளத்தைக் கண்டு அஞ்சுவோர் வலஞ்சுழியாகவும், கடலை அருகில் காண விரும்புவோர் இடஞ்சுழியாகவும் செல்வது இன்றும் வழக்கம்.

தேசியப் பூங்காவும் காலியான ஊரும்

சாலை நிறைவடைந்த காலம் உலகப் பொருளாதார நெருக்கடிக் காலம். மீனுக்கு விலையில்லை, சுரங்கங்களில் வேலையில்லை. 1933-இல் மாகாண முதல்வரான ஆங்கஸ் எல். மெக்டொனால்ட் சுற்றுலாவே தீவுக்கு வருவாய் தரும் என நம்பினார். இவர் கேப் பிரெட்டனிலேயே பிறந்தவர். தாய்வழியில் அக்காடியத் தொடர்பும் உடையவர். கேபட் தடத்தை ஒட்டி ஒரு தேசியப் பூங்கா அமைய வேண்டும் என்பது அவர் அரசின் நோக்கம். அதுவரை கனடாவின் அட்லாண்டிக் கரை மாகாணங்களில் தேசியப் பூங்கா எதுவும் இல்லை.

1936-இல் கேப் பிரெட்டன் மேட்டுநிலத் தேசியப் பூங்கா உருவானது. இன்று இதன் பரப்பு ஏறத்தாழ 950 சதுர கி.மீ.; கேபட் தடத்தின் மூன்றில் ஒரு பங்கு இதனூடே செல்கிறது. மாகாண அரசு நிலத்தைத் திரட்டி, எவ்வித உரிமைச் சிக்கலும் இன்றி மத்திய அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. பூங்கா என்றால் அதில் குடியிருப்பு இருக்கலாகாது என்பதும் அன்றைய அதிகாரிகளின் கருத்து. மேற்கு அமெரிக்காவிலும் மேற்குக் கனடாவிலும் உருவான பெரும் பூங்காக்களே அவர்களுக்கு முன்மாதிரி.

ஆனால் கேப் பிரெட்டன் கரை ஆளில்லாக் காடு அன்று. செட்டிகாம்புக்கு வடக்கே காப் ரூஜ் என்னும் அக்காடியக் குடியிருப்பு இருந்தது. பிரெஞ்சில் இதற்குச் செம்முனை என்று பொருள். அம்மக்கள் கோடையில் மீன்பிடித்து, சிறு நிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, ஆடுமாடு வளர்த்து வாழ்ந்தனர். அவர்களது நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. இழப்பீட்டுத் தொகை பெற்றுக்கொண்டு குடும்பங்கள் செட்டிகாம்ப் பக்கத்து ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. வீடுகள் அகற்றப்பட்டன. கிழக்குக் கரையில் இங்கோனிஷ் ஊராரும் நிலம் இழந்தனர்.

மீனவக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கும் நிலத்துக்கும் சந்தை விலை மிகக் குறைவு. ஆனால் அந்த நிலம் படகுத்துறைக்கு அருகில் இருந்தது. குளிர்காலத்திற்கு விறகு தந்தது. கிழங்கும் பாலும் தந்தது. இவற்றையெல்லாம் விலைக்கு வாங்கி வாழும் நிலை வந்தபோது இழப்பீட்டுப் பணம் நெடுநாள் நிற்கவில்லை. நாடுகடத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்பதால் இந்த இழப்பு அக்காடியர் நினைவில் பழைய புண்ணின் மேல் பட்ட அடியாயிற்று.

பூங்கா அமைப்பால் நன்மைகளும் இல்லாமலில்லை. நெருக்கடிக் காலத்தில் சாலைப் பணியும் பூங்காப் பணியும் உள்ளூரார்க்குக் கூலி தந்தன. பிளெசன்ட் பே, நீல்ஸ் ஹார்பர் போன்ற ஊர்கள் பூங்கா எல்லைக்கு வெளியே விடப்பட்டதால் இன்றும் மீனவ ஊர்களாக நிலைத்துள்ளன. இவ்வாறு ஊரையும் பூங்காவையும் அடுத்தடுத்து வைக்க இயலும் என்பதற்கு அவையே சான்று.

ஸ்காட்லாந்துச் சாயல்

சுற்றுலாப் பயணிகளைக் கவர்வதற்காக மாகாண அரசு தீவுக்கு ஸ்காட்லாந்துச் சாயல் பூசியது. பூங்காவின் பெயரில் உள்ள 'மேட்டுநிலம்' என்னும் சொல்லே ஸ்காட்லாந்தை நினைவூட்டுவது. இங்கோனிஷ் பகுதியில் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் கோடைக்கால இல்லம் இருந்த மிடில் ஹெட் நிலமுனையும் கையகப்படுத்தப்பட்டது. அங்கு 1940-இல் கெல்டிக் லாட்ஜ் என்னும் விடுதி திறக்கப்பட்டது. அருகே ஸ்டான்லி தாம்சன் வடிவமைத்த கோல்ஃப் மைதானம் உருவானது. செயின்ட் ஆன்சில் 1938-இல் கேலிக் கல்லூரி தொடங்கப்பட்டது.

பிளெசன்ட் பேக்குக் கிழக்கே, கிராண்ட் ஆன்ஸ் பள்ளத்தாக்கில் 'லோன் ஷீலிங்' என்னும் கற்குடில் உள்ளது. டொனால்ட் மெக்கின்டாஷ் என்னும் பேராசிரியர் தமக்குச் சொந்தமான 100 ஏக்கர் நிலத்தை அரசுக்கு எழுதிவைத்து, ஸ்காட்லாந்து ஆயர் குடிலைப் போன்ற ஒன்றை அங்குக் கட்டுமாறு வேண்டியிருந்தார். அவ்வாறே 1942-இல் அது கட்டப்பட்டது. சுற்றிலும் 300 ஆண்டுகளைக் கடந்த மேப்பிள் மரங்கள் நிற்கின்றன.

இக்குடில் ஸ்காட்லாந்தில் நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கான நினைவிடம் என்றே சொல்லலாம். அது எழுந்தது 1936-இல் நிலம் பறிக்கப்பட்டு உருவான பூங்காவுக்குள். அக்காலத்தில் கடல் கடந்து நிகழ்ந்த பழைய வெளியேற்றத்துக்கு நினைவுக் குடில் இருந்தது, சில கி.மீ. தொலைவில் ஆறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெளியேற்றத்துக்கு எதுவும் இல்லை. கேலிக் அடையாளம் சாலையெங்கும் முன்வைக்கப்பட்ட அதே பத்தாண்டுகளில், கேலிக் பேசுவோரின் எண்ணிக்கையும் விரைவாகக் குறைந்துவந்தது.

அக்காடியரும் தம் வழியில் சுற்றுலாவை எதிர்கொண்டனர். செட்டிகாம்ப் பெண்கள் பழந்துணிக் கிழிசல்களைச் சாக்கில் கோத்துத் தரைவிரிப்பு செய்வது வழக்கம். 1920-களில் பெல் குடும்பத்தாருடன் தொடர்புடைய லில்லியன் பர்க் என்பவர் கம்பளி நூலையும் புதிய வடிவங்களையும் அறிமுகப்படுத்தி, விரிப்புகளை அமெரிக்க நகரங்களில் விற்க வழிசெய்தார். பின்னாளில் எலிசபெத் லஃபோர் என்னும் செட்டிகாம்ப் கலைஞர் கம்பளி நூலால் உருவப்படங்களே செய்து புகழ்பெற்றார்.

கான்சோ தாம்போதி

1955 வரை பெருநிலத்திலிருந்து தீவுக்குப் படகில்தான் வரவேண்டும். ஏறத்தாழ 65 மீட்டர் ஆழமுள்ள கான்சோ நீரிணையில் பாறைகளைக் கொட்டி நிரப்பி, 1.4 கி.மீ. நீளத் தாம்போதி அமைக்கப்பட்டது. 1955 ஆகஸ்ட் 13 அன்று அது திறக்கப்பட்டபோது பைக் குழல் கலைஞர்கள் அணிவகுத்துக் கடந்தனர். அத்தாம்போதிக்காக உழைத்த மெக்டொனால்ட் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். தாம்போதி வந்தபின் கேபட் தடத்திற்கு வரும் வண்டிகள் பெருகின. 1961-இல் தடம் முழுவதும் தார்ச்சாலை ஆயிற்று.

மூஸ் மானும் மிக்மாக் உரிமையும்

மனிதர் அகற்றப்பட்டால் இயற்கை தானே நிலைபெறும் என்ற எண்ணமும் சோதனைக்குள்ளானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவில் மூஸ் எனப்படும் பெரிய மானினம் வேட்டையால் அழிந்திருந்தது. 1947, 1948 ஆண்டுகளில் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து 18 மூஸ் மான்களைக் கொண்டுவந்து பூங்காவில் விட்டனர். 1970-களின் பிற்பகுதியில் ஒருவகைப் புழு ஊசியிலைக் காடுகளைத் தின்று அழித்தது. அங்கு முளைத்த இளமரங்கள் மான்களுக்கு நல்ல தீனியாயின. இரைகொல்லி விலங்குகள் மிகக் குறைவாக இருந்ததால் மான்கள் பெருகி, காடு மீண்டும் வளரவிடாமல் மேய்ந்தன. சில பகுதிகள் புல்வெளியாகவே மாறின.

காட்டை மீட்க 2015 முதல் பூங்கா நிருவாகம் மிக்மாக் மக்களுடன் இணைந்து குறிப்பிட்ட பகுதியில் மூஸ் வேட்டையை நடத்தியது. இறைச்சி மிக்மாக் குடியிருப்புகளுக்குப் பகிரப்பட்டது. வேட்டைக்கு வாயில் மூடியிருந்த பூங்கா, தன் காட்டைக் காக்க அம்மண்ணின் முதல் வேட்டையாடிகளையே அழைக்க நேர்ந்தது. வேட்டைக்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் முதற்குடிகளின் உடன்படிக்கை உரிமை பூங்காவுக்குள்ளும் பேசப்படும் பொருளாயிற்று.

கொள்கை மாற்றம்

காப் ரூஜ் நிகழ்வு தனித்த ஒன்றன்று. 1969-இல் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் கூஷிபுகுவாக் தேசியப் பூங்காவுக்காக ஏறத்தாழ 1,200 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அக்காடியரே. அங்கு எழுந்த போராட்டம் நெடுங்காலம் ஓயவில்லை. நாடு முழுவதும் அது விவாதத்தை எழுப்பியது. 1979-இல் வெளியான தேசியப் பூங்காக் கொள்கை, புதிய பூங்காக்களுக்காக மக்களைக் கட்டாயமாக வெளியேற்றுவதைக் கைவிட்டது. 2000-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்திலும் இக்கட்டுப்பாடு இடம்பெற்றது. காட்சிக்கான நிலம், மக்களின் நிலம் என்று இரண்டைப் பிரிக்க வேண்டியதில்லை என்பதை அரசு ஏற்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இன்றைய நிலை

கேபட் தடத்திற்குக் கோடையிலும், மேப்பிள் இலைகள் சிவக்கும் அக்டோபரிலும் பயணிகள் பெருந்திரளாக வருகின்றனர். மலைச்சாலையைப் பேணுவது எளிதன்று. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் தடத்தின் பல பகுதிகள் அடித்துச் செல்லப்பட்டன. சில நாள் வடபகுதி ஊர்கள், சாலைக்கு முந்தைய காலம் போலத் துண்டிக்கப்பட்டன. இச்சாலை இன்றும் அவ்வூராரின் மருத்துவமனை வழி, பள்ளி வழி, சந்தை வழி என்பதை அந்நிகழ்வு நினைவூட்டியது.

பூங்காவின் மேற்கு வாயிலுக்கு அருகில் 'லெ புட்டரோ' என்னும் நடைபாதை உள்ளது. செட்டிகாம்புக்கும் காப் ரூஜுக்கும் இடையே இருந்த பழைய வண்டித்தடத்தை அது ஒட்டிச் செல்கிறது. வழியில் அக்காடியர் வீடுகளின் அடித்தளக் கற்கள் புல்லுக்கிடையே தெரிகின்றன. அங்கு வாழ்ந்தோர் பற்றிய குறிப்புகளைப் பூங்கா நிருவாகமே இன்று வழங்குகிறது. சாலையோரக் காட்சிமேடையில் நின்று கடலைப் பார்க்கும் பயணி சிறிது தூரம் நடந்தால் இக்கற்களையும் காணலாம். கேபட் தடத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் அதுவே.